தவணையில் வாங்கிய ராஜா

1927-ல் அமெரிக்காவின் ராயல் டைப்ரைட்டர் கம்பெனி ஒரு விமானம் வாங்கியது. மூன்று இஞ்சின் வைத்த ஃபோர்டு விமானம். டைப்ரைட்டர்களைப் பெட்டியில் கட்டி, பெட்டிக்குப் பாரசூட் மாட்டி, வெளியூர் ஏஜெண்டுகளின் தலைக்கு மேலே போய்த் தள்ளிவிட்டார்கள். ஆகாயத்திலிருந்து விழுந்தாலும் அசராத மெஷின் என்று ஊருக்கே காட்டியாயிற்று. இதையே ரயிலில் அனுப்பினால் விழவே விழாதே என்று கணக்குப்பிள்ளை எவராவது வாய் திறந்திருந்தால், அவர் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

தொழிலுக்கு விமானம் என்ற இந்த நூறு வருடக் கூத்தில் காட்சிகளின் வரிசை மட்டும் மாறியதே கிடையாது. முதலில் ஆசை வரும். அப்புறம் விமானம் வரும். அதற்கப்புறம் ஆடிட்டர் வந்து, இது அத்தியாவசியத் தேவை என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் கடைசியில், வேறு வழியில்லாமல், தேவையும் வந்து சேரும்.

கூத்தின் தலைநகரம் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல். மலை கிடையாது, கடல் கிடையாது. இஞ்சின் நின்றுபோனால் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம், வயலுக்குச் சொந்தக்காரர் துப்பாக்கியோடு வராதவரை. பக்கத்திலேயே எண்ணெய்க் கிணறுகள். 1920-ல் ஜேக் மோலன்டிக் என்ற எண்ணெய் முதலாளி காசைக் கொட்டி ஊரில் விமானம் கட்ட ஏற்பாடு செய்தார். பணம் போட்டதோடு நிற்காமல் யோசனையும் சொல்லிக்கொண்டே இருந்ததால் கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பிறகு பணமும் கழன்றுகொண்டது. அவரோடு கோபித்துக்கொண்டு வெளியேறியவர்களில் வால்டர் பீச் ஒருவர், லாயிட் ஸ்டியர்மன் ஒருவர். இரண்டு பேரும் கிளைட் செஸ்னாவைச் சேர்த்துக்கொண்டு 1925-ல் டிராவல் ஏர் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள்.

செஸ்னா விவசாயி. கார் விற்றும் பார்த்தவர். 1911-ல் ஓக்லஹோமாவின் உப்புவெளியில், சொல்லிக்கொடுக்க யாருமில்லாமல், தானே கட்டிய விமானத்தில் தானே ஏறித் தானே விழுந்து கற்றுக்கொண்டார். இந்தச் சனியனை ஒரே ஒருமுறை பறக்கவிட்டுவிட்டுக் கொளுத்திப் போடுகிறேன், அதோடு இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று அவர் சூளுரைத்ததாக ஒரு கதை உண்டு. நல்லவேளையாகப் பறந்துவிட்டது. பறந்த பிறகு கொளுத்த மனசு வருமா?

மூன்று கெட்டிக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி எத்தனை நாள் ஓடும் என்பது நமக்குத் தெரியாததா. விமானத்துக்கு ஒரு அடுக்கு இறக்கை போதும் என்றார் செஸ்னா. இரண்டு அடுக்கு வேண்டும் என்றார் பீச். 1927-ல் செஸ்னா தனிக்கடை போட்டார். பீச் 1929 ஆகஸ்டில் டிராவல் ஏர் கம்பெனியைக் கர்டிஸ்-ரைட்டிடம் கைமாற்றிவிட்டு நியூயார்க் போனார். அக்டோபரில் பங்குச்சந்தை கவிழ்ந்தது. இவ்வளவு கச்சிதமாகக் காலம் பார்த்து விற்றவர் அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் 1932-ல் விச்சிட்டாவுக்கே திரும்பிவந்து, ஊர் முழுக்க இலவசக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது, தொழிலதிபர்களுக்கென்று ஒரு சொகுசு விமானம் கட்டினார். ஸ்டாகர்விங் என்று பெயர் எடுத்தது. மேல் இறக்கை கீழ் இறக்கைக்குக் கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். மூடிய அறை, மெத்தை இருக்கைகள், பந்தய விமானங்களே வெட்கப்படும் வேகம். தொழிலே படுத்துக் கிடந்த வருடத்தில் தொழிலதிபர்களுக்கு விமானம்! ஆனாலும் வாங்க ஆள் வந்தது. எண்ணெய்க்காரர்கள். இந்தக் கதையில் எப்போது கை தட்டினாலும் எண்ணெய்க்காரர் ஒருவர் வருவார்.

பீச்சின் பெயரில் கம்பெனி ஓடியது. ஓட்டியவர் வேறு.

ஆலிவ் ஆன் மெல்லர், ஏழு வயதில் சொந்த பேங்க் கணக்கு வைத்திருந்தவர். பதினோரு வயதில் வீட்டுச் செலவுக்குச் செக் எழுதியவர். டிராவல் ஏர் கம்பெனியில் செக்ரட்டரியாகச் சேர்ந்தபோது அங்கே இருந்த ஒரே பெண் அவர்தான். வருகிற கடிதங்களில் லாஞ்சரான், எலெவேட்டர், ரட்டர் என்று என்னென்னவோ வரும். விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதா என்று ஆண்கள் கேலி செய்தார்கள். அவர் தலைமை இஞ்சினியரிடம் போய், ஒரு விமானத்தைப் படமாக வரைந்து ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் காகிதம் மனப்பாடம் ஆனதும் கேலி நின்றது. 1930-ல் முதலாளியைக் கல்யாணம் செய்துகொண்டார். அதன்பிறகு யார் யாருக்கு முதலாளி என்பதில் விச்சிட்டாவில் யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

1936-ல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் பெண்டிக்ஸ் விமானப் பந்தயம். நம் விமானத்தைப் பெண்களிடம் கொடுத்து அனுப்பலாம் என்று யோசனை சொன்னவர் ஆலிவ் ஆன். லூயிஸ் தேடனும் பிளாஞ்ச் நாய்ஸும் மெத்தை இருக்கை போட்ட முதலாளி விமானத்தில் கிளம்பினார்கள். பந்தயத்துக்கென்றே வடித்த ஆண்களின் விமானங்கள் வழியில் பழுதாகியும் நொறுங்கியும் போக, இவர்கள் முதலாவதாகப் போய் இறங்கினார்கள். இரண்டாம் இடமும் லாரா இங்கல்ஸ் என்ற பெண்ணுக்குத்தான். பெண் ஓட்டினாலே இப்படிப் போகிறதா, அப்படியானால் நாமும் ஓட்டலாம் என்று முதலாளிகள் நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்புதான் அடுத்த ஐம்பது வருட வியாபாரம்.

1940-ல் வால்டர் மூளைக்காய்ச்சலில் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதே ஆஸ்பத்திரியில் ஆலிவ் ஆன் இரண்டாவது பிரசவத்துக்குப் படுத்திருந்தார். சமயம் பார்த்து கம்பெனியைப் பிடித்துவிடலாம் என்று சில அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். பச்சை உடம்புக்காரி, என்ன செய்துவிடப் போகிறாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கட்டிலில் இருந்தபடியே கம்பெனியை நடத்தினார். எழுந்து வந்ததும் அந்த அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பினார். 1950-ல் வால்டர் இறந்தபோது தலைவர் நாற்காலிக்கு யார் என்ற கேள்வியே எழவில்லை. இத்தனை ஆயிரம் பேரை விமானம் ஓட்ட வைத்த அந்த அம்மாள் கடைசிவரை விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. சரக்கை விற்பவர் சரக்கைத் தொடக்கூடாது என்பது சில தொழில்களில் பால பாடம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விச்சிட்டா கண்டுபிடித்த பெரிய விஷயம் விமானமே அல்ல, ஏணி. நம் ஊர் வாசலில் சைக்கிள் நின்ற இடத்தில் டிவிஎஸ் 50 வந்து, அது போய் பைக் வந்து, அது போய் கார் வருகிறதில்லையா, அந்த மாதிரி. 1947-ல் பொனான்சா வந்தது: ஒற்றை இஞ்சின், வி வடிவ வால், பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும் விமானம். கையில் காசும், தலையில் தன்னம்பிக்கையும், பறந்த அனுபவம் மட்டும் குறைவாகவும் இருந்த டாக்டர்கள் இதை வாங்கி மேகத்துக்குள் போய்த் திரும்பாத சம்பவங்கள் சேர்ந்து, இதற்கு டாக்டர் கொல்லி என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. பொனான்சாவில் மூன்று வருடம் உயிரோடு இருந்தவருக்கு இரட்டை இஞ்சின் விமானத்தைக் காட்டுவார்கள். அதிலும் தாக்குப்பிடித்தால் அடுத்தது. செஸ்னாவும் தன் பங்குக்கு இதே ஏணியைச் செய்து வைத்திருந்தது. அந்தக் கம்பெனியைக் கிளைடின் மருமகன் டுவேன் வாலஸ் 1934-ல் தூசி தட்டி மறுபடி திறந்திருந்தார். டிவியில் ஸ்கை கிங் என்ற தொடர். அரிசோனா பண்ணை முதலாளி ஒருவர் செஸ்னாவில் பறந்துபோய்த் திருடர்களைப் பிடிப்பார். மாடுகளை எப்போது கவனித்தார் என்பது எந்த எபிசோடிலும் வரவில்லை.

ஏரோ கமாண்டர் கம்பெனிக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். இரட்டை இஞ்சினில் ஒன்று நின்றால் என்ன ஆகும் என்று வாங்க வந்தவர்கள் பயந்தார்கள். 1950-ல் இவர்கள் ஒரு பக்கத்து ப்ரொப்பல்லரையே கழற்றி, அதைப் பயணிகள் அறையில் படுக்க வைத்து, மிச்சமிருந்த ஒற்றை இஞ்சினில் ஓக்லஹோமாவிலிருந்து வாஷிங்டன் வரை பறந்துபோய் அதிகாரிகளிடம் காட்டினார்கள். ஐந்து வருடம் கழித்து ஜனாதிபதி ஐசன்ஹோவர் கெட்டிஸ்பர்க்கில் உள்ள தன் பண்ணைக்குப் போய்வர ஏரோ கமாண்டரைத்தான் வைத்துக்கொண்டார். படை நடத்தி ஐரோப்பாவை மீட்டவருக்கும் பண்ணை வீட்டுக்குப் போக ஒரு சின்ன விமானம் தேவைப்பட்டது. தேவைதானே?

ஏணியின் உச்சியில் ஒரு சிக்கல் இருந்தது. பெட்ரோல் பிஸ்டன் இஞ்சினைப் பெரிதாக்கப் பெரிதாக்க அது நோயாளியாகிக்கொண்டே போனது. சிலிண்டர் வெடிக்கும், எண்ணெய் ஒழுகும். ஒழுங்காக நடந்துகொண்டால்கூட இரண்டாயிரம் மணி நேரத்துக்குள் முழுசாகப் பிரித்து மேய வேண்டும். முதலாளி சனிக்கிழமை தோறும் மெக்கானிக்கோடு காப்பி குடித்துக்கொண்டிருப்பார். குடும்பத்தோடு பேசியதைவிட அதிகம் பேசியிருப்பார்.

விடிவு கனடாவிலிருந்து வந்தது. மாண்ட்ரியலுக்கு எதிர்க்கரையில் லாங்கேய் என்ற ஊரில் பிராட் அண்டு விட்னியின் கனடா கிளை, தாய்க் கம்பெனியின் பழைய பிஸ்டன் இஞ்சின்களுக்கு உதிரிபாகம் செய்து காலம் தள்ளிக்கொண்டிருந்தது. 1958-ல் அங்கே சில இளைஞர்கள் ஒரு குட்டி டர்பைன் இஞ்சினை வரைய ஆரம்பித்தார்கள். பிடி6 என்று பெயர். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டிவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். காற்று பின்பக்கமாக உள்ளே நுழைந்து முன்பக்கமாகப் போகிறது. புகை ப்ரொப்பல்லருக்கு அருகிலேயே இரண்டு குழாய்களில் வெளியேறுகிறது. பின்னால் ஒரு டர்பைன் காற்றை அழுத்தச் சுழல்கிறது. முன்னால் இன்னொரு டர்பைன் ப்ரொப்பல்லரைச் சுழற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே தண்டு கிடையாது, பல்சக்கரம் கிடையாது. சூடான காற்று மட்டும்தான். பின்னவர் ஊதுகிறார், முன்னவர் ஓடுகிறார். ஒருவரையொருவர் தொட்டுக்கொள்வதே இல்லை. பல கூட்டுக் கம்பெனிகள் இந்த ஏற்பாட்டில் இருந்திருந்தால் கோர்ட்டுக்குப் போயிருக்காது.

1961 மே 30-ல் ஒரு பழைய ட்வின் பீச் விமானத்தின் மூக்கில் இதை மூன்றாவது இஞ்சினாகப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். இன்றுவரை ஐம்பதாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள்.

முதலாளிகளுக்கான டர்போப்ராப், அதாவது டர்பைன் சுழற்றும் ப்ரொப்பல்லர் விமானம், அதற்கு முன்பே இருந்தது. கிரம்மன் கம்பெனியின் கல்ஃப்ஸ்ட்ரீம் 1958-லேயே பறந்தாயிற்று. ஆனால் அது பெரிய கம்பெனி சமாச்சாரம்: சம்பளத்துக்கு இரண்டு பைலட், பின்னால் சோபா. நம் கதாநாயகருக்குச் சோபா வேண்டாம். அவர் குவாரி வைத்திருக்கிறார், அல்லது நாலு ஊரில் டிராக்டர் கடை, அல்லது எண்ணெய்க் கிணறு. அவருக்கு முன்சீட்டு, அதுவும் இடது பக்கத்து முன்சீட்டு வேண்டும்.

1963-ல் விச்சிட்டாவில் இரண்டு மனிதர்கள் ஒரே வாடிக்கையாளரை இரண்டு பக்கமும் இழுத்தார்கள். ஒரு பக்கம் பில் லியர்: சுவிட்சர்லாந்தில் ஒரு போர் விமானத்தைப் பார்த்து மயங்கி, மூட்டை முடிச்சோடு விச்சிட்டாவுக்கு வந்து, குட்டி ஜெட் கட்டிக்கொண்டிருந்தவர். கார்களில் பாட்டுக் கேட்கும் எட்டு டிராக் டேப்புக்கும் அவர்தான் காரணம். தூங்குவாரா என்பது தெரியவில்லை. அவருடைய லியர்ஜெட் 1963 அக்டோபர் 7-ல் பறந்தது. இன்னொரு பக்கம் திருமதி பீச். அவரிடம் குவீன் ஏர் என்ற பிஸ்டன் விமானம் இருந்தது. அதன் உடம்பைக் காற்றழுத்தம் தாங்கும்படி மாற்றி, இரண்டு பிடி6 இஞ்சின்களை மாட்டி, கிங் ஏர் என்று பெயர் வைத்தார். ராணிக்கு அப்புறம்தான் ராஜா என்பது அந்தக் கம்பெனியில் நிர்வாக முறையும்கூட. 1964 ஜனவரி 20-ல் கிங் ஏர் பறந்தது.

லியர்ஜெட்டைப் பார்த்தவர்கள் திருமதி பீச்சுக்காகப் பரிதாபப்பட்டார்கள். ஜெட் யுகத்தில் ப்ரொப்பல்லரா? கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை. நம் குவாரி முதலாளி போகிற தூரம் ஐந்நூறு கிலோமீட்டர். ஜெட்டில் போனால் அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணியையும், சின்ன ஊர் ஓடுதளத்தில் இறங்க முடியாமல் அடுத்த ஊரில் இறங்கிக் காரில் வருவதில் செலவழித்துவிடுவார். டர்போப்ராப் புல்லை வெட்டிய கையோடு தார் போட்ட ஓடுதளத்திலும் இறங்கும். ஜனாதிபதி ஜான்சனே இதற்குச் சாட்சி. அவருடைய பெரிய ஜெட் டெக்சாஸ் பண்ணையின் ஓடுதளத்துக்குக் கனம் அதிகம். ஆஸ்டினுக்குப் பக்கத்து விமானப்படைத் தளத்தில் அதை நிறுத்திவிட்டு, கிங் ஏருக்கு மாறி வீட்டு வாசலில் போய் இறங்கினார்.

இந்த நேரத்தில் ஆடிட்டர் மேடைக்கு வருகிறார். 1962-ல் கென்னடி அரசாங்கம் தொழிலுக்குப் புது மெஷின் வாங்குபவர்களுக்கு 7 சதவீதத்தை நேரடியாக வரியில் கழித்துக்கொள்ளச் சொல்லிச் சட்டம் போட்டது. லேத்தும் டிராக்டரும் வாங்குவார்கள் என்று எதிர்பார்த்துப் போட்ட சட்டம். விமானமும் மெஷின்தானே என்று விச்சிட்டாவில் யாரோ முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதிலிருந்து டிசம்பர் கடைசி வாரம் என்பது விமான வியாபாரத்தில் தீபாவளி. 31-ஆம் தேதிக்குள் சாவி கைமாற வேண்டும். வருமானத்தைக் குறைத்துக் காட்டியாக வேண்டிய முதலாளி, பனிப்பொழிவிலும் விச்சிட்டாவுக்கு வந்து சேருவார்.

வாங்கியாயிற்று. ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பிஸ்டன் இஞ்சினில் பத்து வருடம் பழகியவருக்கு ஸ்டார்ட் செய்வதென்றால் கெஞ்சுவது, திட்டுவது, மறுபடி கெஞ்சுவது. பிடி6 கெஞ்சலுக்கு மசியாது. சுவிட்சைப் போட்டதும் உள்ளே மெல்லிய ஊளை ஆரம்பிக்கிறது. சுழற்சி பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பிறகு எரிபொருள் லீவரை முன்னால் தள்ள வேண்டும். அடங்கிய சத்தத்தோடு தீப்பிடிக்கிறது. வெப்பமானி முள் எழுந்திருக்கிறது: ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு டிகிரி. கண் அதைவிட்டு நகரக்கூடாது. பேட்டரி சோர்ந்திருந்தாலோ, லீவரை அவசரப்பட்டுத் தள்ளியிருந்தாலோ, முள் நிற்காமல் ஆயிரத்தைத் தாண்டி ஓடும். இஞ்சின் வேகம் எடுப்பதற்குள் டர்பைன் இதழ்கள் உருக ஆரம்பிக்கும். லீவரைப் பின்னால் இழுக்க உங்களுக்கு இருப்பது ஓரிரு விநாடி. தவறினால் லட்சக்கணக்கான டாலர். விமானம் இன்னும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை! சின்ன வயதிலிருந்து எதற்கும் காத்திருந்து பழகாத மனிதர், பன்னிரண்டு சதவீதத்துக்காக வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும் இந்தக் காட்சியை அவர் ஊழியர்கள் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. காற்றில் சுழலாமல் இருக்க ப்ரொப்பல்லரைப் பட்டை போட்டுக் கட்டி வைப்பார்கள். சாதாரண இஞ்சினில் அதை அவிழ்க்காமல் ஸ்டார்ட் செய்தால் நகராது; உடனே தெரிந்துவிடும். பிடி6-ல்தான் நடுவே தண்டு கிடையாதே! பின்பாதி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகிவிடும். பின்பாதியின் முள்ளெல்லாம் சரியாகக் காட்டும். ப்ரொப்பல்லர் மட்டும் கட்டிப்போட்டபடி நிற்கும். முதலாளி உள்ளே பெருமிதத்தோடு உட்கார்ந்திருப்பார். வெளியே நிற்பவர்கள் கையை ஆட்டுவார்கள். வழியனுப்புகிறார்கள் என்று நினைத்து இவரும் ஆட்டுவார்.

டர்போப்ராப் வாங்க வசதியில்லாதவர்கள், பிஸ்டன் இஞ்சினில் டர்போசார்ஜர் மாட்டிக்கொண்டு விமானத்தின் பக்கவாட்டில் ‘டர்போ’ என்று சாய்வெழுத்தில் எழுதிக்கொண்டார்கள். அதைப் பார்த்த பெட்ரோல் பையன், டர்பைன் விமானம் போலிருக்கிறது என்று ஜெட் எரிபொருளை ஊற்றிவிட்டான். தொட்டியில் ஜெட் எரிபொருள் இருந்தாலும் குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் விமானத்தைத் தரையிலிருந்து கிளப்பும் அளவுக்கு ஓடும், அதற்கப்புறம் ஓடாது. பகட்டுக்கு ஒட்டிய எழுத்து சில பேரின் உயிரையே எடுத்தது. கடைசியில் ஜெட் எரிபொருள் குழாயின் வாயை அகலப்படுத்தி, பெட்ரோல் தொட்டியின் வாயைக் குறுக்கினார்கள். மனிதர்களைத் திருத்துவதைவிடத் தொட்டியின் வாயைத் திருத்துவது சுலபம் என்று இந்தத் துறை புரிந்துகொண்டது.

சட்டத்தின் வாய் வேறு அளவு. அமெரிக்காவில் ஜெட் ஓட்ட, ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகத் தேர்வு எழுதிப் பறந்து காட்டித் தகுதி வாங்க வேண்டும். ப்ரொப்பல்லர் விமானத்துக்கு, எடை 12,500 பவுண்டைத் தாண்டினால்தான் அந்தத் தேர்வு. நம் கணக்கில் 5,670 கிலோ. 1974-ல் வந்த சூப்பர் கிங் ஏர் 200-ன் அதிகபட்ச எடை என்ன தெரியுமா? 12,500 பவுண்டு. ஒரு பவுண்டு கூட இல்லை, குறைவும் இல்லை. இயற்பியல் விதிகளின்படி வந்து விழுந்த எண்ணா இது? தேர்வு எழுதப் பிடிக்காத முதலாளிகளின் மனசு அறிந்து வடித்த விமானம். உலகிலேயே அதிகம் விற்ற தொழில்முறை டர்போப்ராப் வரிசையாகக் கிங் ஏர் ஆனதில் பிடி6-க்கு எவ்வளவு பங்கோ, அந்த 12,500-க்கும் அவ்வளவு பங்கு என்பது என் அபிப்பிராயம்.

தேர்வு இல்லாததன் மறுபக்கம் மிட்சுபிஷி எம்யூ-2. ஜப்பானில் 1963-ல் பறந்து, டெக்சாஸில் சான் ஏஞ்சலோவில் பூட்டி விற்கப்பட்ட டர்போப்ராப். குட்டை இறக்கை, அசாத்திய வேகம். மற்ற விமானங்கள் திரும்புவதற்கு வைத்திருக்கும் எய்லரான் இதற்குக் கிடையாது. ஸ்பாய்லர் தகடுகள் எழுந்து அந்த வேலையைச் செய்யும். ஒரு இஞ்சின் நின்றால், மற்ற இரட்டை இஞ்சின் விமானங்களில் பழகிய கை செய்வதையே இங்கேயும் செய்தால், விமானம் கவிழும். நிறையப் பேர் செத்தார்கள். விமானத்தில் கோளாறு என்று அரசாங்கம் திரும்பத் திரும்ப ஆராய்ந்தது. விமானத்தில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. 2008-ல் இதை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இதற்கென்றே தனிப்பயிற்சி எடுத்தாக வேண்டும் என்று விதி போட்டார்கள். விபத்துகள் சரசரவென்று குறைந்தன. இத்தனை வருடமாகத் தேடிய கோளாறு இடது பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

அரசாங்கம் கேட்பதற்கு வெகு முன்பே கேட்டவர் இன்சூரன்ஸ்காரர். வருடம் ஒருமுறை சிமுலேட்டரில் உட்கார்ந்து சான்றிதழ் காட்டாவிட்டால் பாலிசி கிடையாது. இதில் பணம் பண்ணியவர் ஆல் யுல்ட்ஷி. ஹாம்பர்கர் கடை நடத்தி அந்தக் காசில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட கென்டக்கிக்காரர். 1951-ல் ஃப்ளைட்சேஃப்டி என்ற பயிற்சிக் கம்பெனி ஆரம்பித்தார். 1996-ல் அதை வாரன் பஃபெட் ஏறக்குறைய 150 கோடி டாலருக்கு வாங்கினார். விமானம் செய்தவர்கள் பலர் திவாலானார்கள். அந்த விமானத்தில் எப்படிச் சாகாமல் இருப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் கோடீஸ்வரர் ஆனார்.

திவால் என்றதும் ஞாபகம் வருகிறது. 1978-ல் அமெரிக்கக் கம்பெனிகளின் சிறு விமானங்கள் 17,811 விற்றன. 1994-ல் 928. நடுவில் என்ன நடந்தது? வழக்குகள், வட்டி, 1986-ல் ரத்தான வரிச்சலுகை. வால்டர் பீச் 1929 ஆகஸ்டில் விற்றார் என்று சொன்னேன் அல்லவா. ஆலிவ் ஆன் 1980-ல் கம்பெனியை ரேதியான் என்ற கம்பெனியோடு சேர்த்துவிட்டார். குடும்பமே இரண்டு முறை, வெள்ளம் வருவதற்குச் சற்றுமுன் மேட்டில் ஏறியிருக்கிறது. இதற்கு இஞ்சினியரிங் படிப்பு தேவையில்லை போலும். ஏழு வயதில் பேங்க் கணக்கு இருந்தால் போதும்.

1991-ல் வெந்த புண்ணில் வேல். 2,50,000 டாலருக்கு மேல் விலையுள்ள விமானத்துக்கு, மேற்பட்ட தொகையில் 10 சதவீத ஆடம்பர வரி. உபயோகத்தில் 80 சதவீதம் தொழிலுக்கு என்றால் விலக்கு. அந்த இரண்டு வருடமும் அமெரிக்க வானத்தில் ஒருவர்கூட உல்லாசத்துக்குப் பறக்கவில்லை. மீன்பிடி ஏரிகளின் கரையில் எத்தனையோ வாடிக்கையாளர் சந்திப்புகள் நடந்தன. 1993-ல் வரி போயிற்று, ஏரிகள் பழையபடி ஏரிகளாயின.

ஏணியில் அடுத்த படி பிரான்சில் தயாரானது. டெக்சாஸின் மூனி கம்பெனியும் பிரான்சின் தார்ப் நகரத்து சொகாட்டாவும் சேர்ந்து டிபிஎம் 700 என்று ஒரே ஒரு பிடி6 வைத்த விமானம் கட்டின. 1988-ல், பிரெஞ்சுக்காரர்கள் ராஜாவை ஒழித்த புரட்சியைக் கொண்டாடும் ஜூலை 14 அன்று, கிங் ஏருக்குப் போட்டியாக அது பறந்தது. மூனி பாதியில் கழன்றுகொண்டது. ஒற்றை இஞ்சினா, நின்றுபோனால் என்ன செய்வது என்று இரட்டை இஞ்சின்காரர்கள் கேட்டார்கள். இரண்டில் ஒன்று நின்றால் மற்றது உங்களை விபத்து நடக்கும் இடம்வரை கொண்டுபோய் விடும் என்பது பைலட்டுகளின் பழைய பதில். தார்ப் விமான நிலையம்தான் லூர்து மாதா கோயிலுக்கும் விமான நிலையம். சக்கர நாற்காலியில் வரும் யாத்ரிகர்கள் ஒரு வாசலில். வேகம் வேண்டி வரும் முதலாளிகள் இன்னொரு வாசலில். இரண்டு கூட்டமும் நம்பிக்கையை மட்டுமே மூலதனமாக வைத்துக்கொண்டு வருகிறது. கையில் செக் புத்தகம் இருப்பது ஒரு கூட்டத்திடம்.

2017-ல் மறுபடி வசந்தம். விமானத்தின் முழு விலையையும் முதல் வருடமே கழித்துக்கொள்ளலாம், பழைய விமானம் என்றாலும் சரி என்று சட்டம் வந்தது. டிசம்பர் கடைசி வாரம் பழையபடி களைகட்டியது.

இந்த விமானங்களின் உள்ளே ஒரு விஷயம் கண்ணில் படும். விலையில் பெரும்பங்கு பின்பக்கத்தில் இருக்கிறது: எதிரெதிராகப் போட்ட தோல் இருக்கைகள், மடித்து விரிக்கும் மேஜை, குளிர்பானப் பெட்டி. பணம் கட்டியவர் அதில் உட்காருவதே இல்லை. அவர் முன்னால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, வியர்த்து, கட்டுப்பாட்டு அறையிடம் ஐயா சரி ஐயா என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தோல் இருக்கையில் காலை நீட்டி வருபவர்கள் ஆடிட்டரும், மச்சானும், மச்சானின் நாயும்.

2020-ல் டிபிஎம் 940-ல் ஹோம்சேஃப் என்று ஒரு பொத்தானை வைத்தார்கள். முன்சீட்டில் இருப்பவர் மயங்கிச் சரிந்தால் பின்னால் இருப்பவர் அதை அழுத்த வேண்டும். விமானமே பக்கத்து ஓடுதளத்தைத் தேடி, ரேடியோவில் பேசி, இறங்கி, பிரேக் போட்டு, இஞ்சினையும் அணைத்துவிடும். முதலாளிக்கு இதை விளக்கியபோது, சிமுலேட்டரில் தான் கழித்த வாரங்களை எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, இதை அழுத்துவதற்கு என்ன பயிற்சி வேண்டும் என்று கேட்டிருப்பார். ஒன்றும் வேண்டாம். மச்சான் போதும்.